ஒன்றும் நடக்காத 75 கிலோமீட்டர்

ஜப்பானில் நான் நடந்துபோன கோயில் யாத்திரையைப் பற்றிய என் புத்தகத்தின் ஏழாவது அத்தியாயத்தில் ஒன்றுமே நடக்காது. ஒரு பெண் கடலை இடதுபக்கம் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமாக நடந்து போவாள், அவ்வளவுதான். சண்டை கிடையாது, விபத்து கிடையாது, அழுகை கிடையாது. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் புத்தகத்தைப் போடுகிறோம் என்று ஒரு பதிப்பகத்தில் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு நானே அச்சடித்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் போனில் அரையும் குறையுமாகச் சொல்லியிருக்கிறேன். முழுசாக எழுதிவிட்டால், சொந்தமாகப் புத்தகம் போட நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் என்னைப் பற்றி. தாராவியில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்தவர். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது. அதில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சி கல்யாணமாகி டோம்பிவிலி போய்விட்டாள். அப்பா போன பிறகு அம்மாவும் நானும்தான். அம்மா பக்கவாதத்தில் படுத்த பிறகு என் நாள் முழுக்க அவள் கட்டிலைச் சுற்றியே ஓடியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அம்மா போன பிறகும் என் உடம்பு அந்த நேரத்தை விடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவேன். திருப்பிப் படுக்க வைக்க ஆள் இருக்காது.

அந்த நாட்களில்தான் என்.எச்.கே. வேர்ல்டு என்கிற ஜப்பானிய டி.வி. சேனலில் ஷிகோகு யாத்திரையைப் பார்த்தேன். ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சின்னது ஷிகோகு. அந்தத் தீவைச் சுற்றி வரிசை எண் போட்ட 88 கோயில்கள். எல்லாவற்றையும் நடந்து முடித்தால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஷிங்கோன் பௌத்தத்தை ஜப்பானில் நிறுவிய கூக்காய் என்கிற துறவியின் பெயரால் நடக்கிற யாத்திரை இது. 774-இல் பிறந்து 835-இல் மறைந்தவர். ஜனங்கள் அவரைக் கோபோ தைஷி என்று கும்பிடுகிறார்கள். யாத்திரிகர்கள் வெள்ளை மேல்சட்டை போட்டு, கோரைத் தொப்பி வைத்து, கையில் ஒரு தடி எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தடிதான் கோபோ தைஷி என்பது நம்பிக்கை. அதனால் தனியாகப் போகிறவர்களும் அங்கே இரண்டு பேராகத்தான் நடக்கிறார்கள். அவர் ஒரு தடவை பாலத்தடியில் படுத்துத் தூங்கினாராம், அதனால் பாலத்தின் மேல் தடியை ஊன்றக்கூடாது. சாயங்காலம் தங்குமிடம் சேர்ந்ததும் நம் காலைக் கழுவும் முன்னால் தடியின் அடியைக் கழுவ வேண்டும்.

தங்கச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "எக்கா, நடக்கணும்னா திருச்செந்தூருக்கு நட. அம்மா நடக்கலியா? அதுக்கு எதுக்கு ஜப்பானு?" என்றாள். அம்மா சின்ன வயதில் வருஷா வருஷம் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனவள்தான். ஆனால் அந்த வழியில் நான் நடந்தால் அம்மாவின் மகளாகத்தான் நடப்பேன். வழியெல்லாம் சொந்தக்காரர்கள். யாருக்கும் மகளாக இல்லாமல், யாருக்கும் டீச்சராக இல்லாமல், யாருக்கும் நான் தேவைப்படாத ஓரிடத்தில் நடந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதைத் தங்கச்சியிடம் சொல்ல அப்போது வார்த்தை கிடைக்கவில்லை. புத்தகத்தில்தான் சொன்னேன்.

செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் முதுகுப்பையில் அரிசி வைத்து ஏறி இறங்கிப் பழகினேன். 2023 மார்ச்சில் கிளம்பினேன். விசா, டிக்கெட் கதையெல்லாம் இங்கே வேண்டாம், அது இப்போது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

முதல் 23 கோயில்களும் தோக்குஷிமா மாகாணத்தில் இருக்கின்றன. அதுவரைக்கும் கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். பல கோயில்கள் பக்கம் பக்கமாக இருப்பதால் ஒரே நாளில் நாலைந்து கூடப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கோயிலிலும் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, மந்திரம், பெயர்ச்சீட்டு என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. அப்புறம் முத்திரை வாங்க வேண்டும். தூரிகையால் கறுப்பு மையில் எழுதி, மேலே சிவப்பு முத்திரை குத்துவார்கள். நான் போனபோது ஒரு முத்திரைக்கு 300 யென், அடுத்த வருஷம் 500 ஆக்கிவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு முத்திரை குத்துகிற அலுவலகம் மூடிவிடும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் கிடையாது. அதனால் மனசு கடிகாரத்திலேயே இருக்கும். 12-ஆம் கோயிலான ஷோசான்ஜிக்கு மலை ஏற வேண்டும். யாத்திரிகர்களை உருட்டிவிடும் மலை என்று அந்த ஊர்க்காரர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். கஷ்டம்தான். ஆனால் கஷ்டமும் ஒரு வேலைதானே. எனக்கு அது பழகியது.

23-ஆம் கோயில் யாகுஓஜி, ஹிவாசா என்கிற கடலோர ஊரில் இருக்கிறது. கண்டம் கழிக்கிற கோயில். பெண்களுக்கு 33 வயது கண்டம், அதற்கு 33 படிகள். ஆண்களுக்கு 42, அதற்கு 42 படிகள். அறுபதைத் தாண்டுகிறவர்கள் எல்லோருக்குமாக 61 படிகள் தனியாக உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு ஒரு யென் காசு வைத்துக்கொண்டே ஏறுவார்கள். ஒரு யென் காசு அலுமினியத்தில் செய்தது, எடை சரியாக ஒரு கிராம். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கணக்கு டீச்சர்களுக்குப் புரியும். மற்றவர்கள் காசை எண்ணி எடுத்துப் போனார்கள். நான் கடையில் மாற்றிய காசை ஒரு சுருக்குப்பையில் போட்டுக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு ஏறினேன்.

அந்தப் படி இறங்கினதும்தான் ஏழாவது அத்தியாயம் தொடங்குகிறது.

23-க்கும் 24-க்கும் நடுவே 75 கிலோமீட்டர். 24-ஆம் கோயில் முரோட்டோ முனையில், கோச்சி மாகாணத்தில். நடுவில் வரிசை எண் போட்ட கோயில் ஒன்றுகூடக் கிடையாது. முத்திரை கிடையாது, ஐந்து மணி கிடையாது. 55-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெரும்பாலும் கடலை ஒட்டியே போகிறது. இடதுபக்கம் பசிபிக் கடல், வலதுபக்கம் செங்குத்தாக மலை, நடுவில் ரோடு. இடையிடையே சின்ன மீனவ ஊர்கள். ரோட்டோரக் கம்பங்களில், இந்த இடம் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று பலகை வைத்திருக்கிறார்கள். சுனாமி வந்தால் ஓட வேண்டிய திசையும் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கும். 1946 டிசம்பர் நிலநடுக்கத்தில் அடி வாங்கிய கரை அது.

அந்த ரோட்டில் எனக்கு முதலில் வந்தது பயம். கள்ளர் பயமோ வழி தவறும் பயமோ இல்லை, அந்த ஊரில் அந்தப் பயமே வராது. யாரும் என்னை எதற்கும் கூப்பிடப் போவதில்லை என்கிற பயம். கை சும்மா தொங்கியது. அதனால் எண்ண ஆரம்பித்தேன். மின்கம்பங்களை எண்ணினேன். பானம் விற்கிற தானியங்கிப் பெட்டிகளை எண்ணினேன். எதிரே வருகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டில் பெரிசாக நான்கு இலக்கம் இருக்கும், அதைப் பார்த்ததும் காரணிப்படுத்துவேன். 2431 வந்தால் 11, 13, 17. பகா எண் வந்தால் அடுத்த வண்டி வரும்வரை அதையே பிடித்துக்கொண்டிருப்பேன். ஏழாவது அத்தியாயத்தின் முதல் சில பக்கங்கள் வெறும் எண்கள்தான். பதிப்பகத்தில் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் வெட்டினார்கள்.

வேறு என்ன இருக்கிறது அந்த அத்தியாயத்தில்? கன்னோஊரா பக்கம் ஒரு பஸ் வருகிறது. அது ரோட்டிலும் ஓடும், இரும்புச் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தண்டவாளத்திலும் ஓடும். 2021 டிசம்பரில் தொடங்கினார்களாம், பயணிகள் போக்குவரத்தில் உலகத்திலேயே முதலாவது. நான் நின்று பார்த்தேன், போய்விட்டது. ஆளில்லாத ரோட்டோரக் கடை ஒன்று வருகிறது. பையில் கட்டிய ஆரஞ்சு, பக்கத்தில் காசு போட டப்பா, ஒரு பை 100 யென். வீட்டு வாசலில் நின்ற ஒரு பாட்டி என்னைக் கைதட்டி நிறுத்தி, இரண்டு பழமும் ஒரு 100 யென் காசும் கையில் வைத்து மூடினார். யாத்திரிகர்களுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம், வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பதிலுக்கு நம் பெயர் எழுதிய வெள்ளைச் சீட்டைக் கொடுக்க வேண்டும். நான் என் பெயரைத் தமிழில்தான் எழுதி வைத்திருந்தேன். பாட்டி அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாங்கிக்கொள்வது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அதைப் பற்றி அதற்கு மேல் நான் எழுதவில்லை, எழுதினால் பெரிசாகிவிடும்.

சாக்கிஹாமா தாண்டுவதற்கு முந்தின ராத்திரி, ஒரு வீட்டு விடுதியில் தங்கினேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. விடுதிக்கார அம்மா தரையில் உட்கார்ந்து, மரப்பெட்டி மேல் பொருத்திய சீவுபலகையில் எதையோ சீவிக்கொண்டிருந்தார். மரக்கட்டை என்றுதான் நினைத்தேன். வாசனை வந்ததும் தெரிந்துவிட்டது. சூரை மீன். அவித்து, புகை காட்டி, கட்டையாகக் காயவைத்தது. அவர்கள் கட்சுவோபுஷி என்கிறார்கள். நம் தூத்துக்குடி மாசிக் கருவாடேதான். எங்கள் வீட்டில் இது இல்லாத நாள் கிடையாது. அந்த அம்மா சீவினது மெலிசாக, இளஞ்சிவப்பாகச் சுருண்டு விழுந்தது. ஒரு துண்டு கொடுத்தார், வாயில் போட்டேன். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டேன், வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தேன், தூங்கினேன்.

மறுநாள் ரோட்டில் எண்ணுவது எப்போது நின்றதென்று தெரியவில்லை. வண்டி போகும், நம்பர் கண்ணில் படும், அப்படியே போய்விடும். அலை பின்வாங்கும்போது கரையில் உருளைக் கற்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது அம்மா வந்தாள். கட்டிலில் கிடந்த அம்மா இல்லை. முப்பது சொச்சம் வயது அம்மா. அம்மி முன்னால் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, காய்ந்த மிளகாயும் தேங்காயும் சின்ன வெங்காயமும் வைத்து மாசியை நசுக்கிச் சம்பல் அரைக்கிறாள். முடியை உச்சியில் கொண்டையாகப் போட்டிருக்கிறாள். விரலில் எடுத்து என் பக்கம் நீட்டி, "ஏளா, உப்புப் பாரு" என்கிறாள்.

அவ்வளவுதான். நான் நடந்துகொண்டே இருந்தேன்.

இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டதில், படுக்கையில் கிடந்தவள்தான் அம்மா என்று மனசு பதிந்துபோயிருந்தது. மருந்துப் பட்டியல், ரப்பர் விரிப்பு, திருப்பிப் படுக்க வைக்கிற நேரம், அதுதான் அம்மா. அதற்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அந்த ரோட்டில் அவள் திரும்பக் கிடைத்தாள். அதிலிருந்து ராத்திரி இரண்டு மணி முழிப்பு எனக்குக் கிடையாது.

மறுநாள் முரோட்டோ முனை. அங்கே மிகுரோதோ என்று ஒரு குகை இருக்கிறது. கூக்காய் இளைஞராக இருந்தபோது தவம் செய்து ஞானம் பெற்றது அங்கேதான் என்பார்கள். உள்ளே நின்று வெளியே பார்த்தால் வானமும் கடலும் மட்டும் தெரியும். பதிப்பக ஆசிரியருக்கு அந்தக் குகை ரொம்பப் பிடித்துவிட்டது. "மேடம், உங்களுக்கு அம்மா நினைப்பு வர்றதை அந்தக் குகையில வெச்சா எப்படி இருக்கும் பாருங்க. நடுவுல அந்த ரோடு அத்தியாயமே தேவையில்ல. குகையில கண்ணீர், அடுத்த அத்தியாயம் புது மனுஷி" என்றார். படித்தவர், பண்பானவர், என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். கதையாக அவர் சொன்னது சரிதான். ஆனால் குகையில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது, சாக்ஸ் நனைந்திருந்தது, கும்பிட்டுவிட்டு வெளியே வந்து கல்லில் உட்கார்ந்து சாக்ஸைப் பிழிந்தேன்.

இதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. சுயசரிதை எழுதுகிறவர் ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எனக்கு நஷ்டம். அம்மா ஒரு தார் ரோட்டில், லாரி போகிற சத்தத்தில், பெயரில்லாத இடத்தில் திரும்பி வந்தாள். அவளைக் கொண்டுபோய்ப் புகழ்பெற்ற குகையில் உட்கார வைத்தால், எனக்குக் கிடைத்ததை நானே தொலைத்த மாதிரி. இன்னொன்றும் இருக்கிறது. வருஷக்கணக்காக ஒருவரைக் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்ட பெண்கள் இந்தத் தாராவியில் எத்தனையோ பேர். எல்லோராலும் ஜப்பான் போக முடியாது, குகை கிடைக்காது. ஒன்றும் நடக்காத ரோடு எங்கேயும் இருக்கிறது. அவர்களிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பயணத்தை எழுத நினைக்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். டைரியில் நாம் அன்றைக்கு முக்கியம் என்று நினைத்ததைத்தான் எழுதுவோம். லாசன், ஃபேமிலிமார்ட் என்று அங்கே இருக்கிற கடைகளின் ரசீதில் ஊர், தேதி, நிமிஷம் வரை இருக்கும். காலை 6:52-க்கு இரண்டு சோற்று உருண்டையும் பிளாஸ்திரியும் வாங்கியிருக்கிறேன் என்றால், அன்றைக்கு விடுதியில் காலைச் சாப்பாடு இல்லை, காலில் கொப்புளம் இருந்தது என்று இரண்டு விஷயம் தெரிகிறது. ஏழாவது அத்தியாயத்தைப் பாதிக்கு மேல் ரசீதை வைத்துத்தான் எழுதினேன். ஆனால் அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். அன்றன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் அம்மா வருகிற பக்கங்களை முதலில் தங்கச்சியிடம்தான் கொடுத்தேன். அம்மா எனக்கு மட்டும் அம்மா இல்லையே. டோம்பிவிலியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தாள், கட்டிலில் உட்கார்ந்து சத்தம் போடாமல் படித்தாள். அம்மா கடைசி நாட்களில் ராத்திரி சத்தம் போட்டதைப் பற்றி இருந்த ஒரு பத்தியை விரலால் தொட்டு, "இது வேண்டாம்க்கா" என்றாள். எடுத்துவிட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "அம்மா சீட்டி அடிப்பாள்ல, அத ஏன் எழுதல?" என்றாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. தண்ணிக் குழாயில் வரிசையில் நிற்கும்போது, யாராவது குடத்தை முன்னால் நகர்த்தினால் அம்மா இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடிப்பாளாம், கிராஸ் ரோடு முழுக்கக் கேட்குமாம். சேர்த்துவிட்டேன், அவள் சொன்னதாகவே. புத்தகத்தில் எல்லோரும் முதலில் பேசுவது அந்தப் பத்தியைத்தான்.

இனி அச்சு விவகாரம். என்னிடம் படித்த பையன் ஒருவன் 90 அடி ரோட்டில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அவன் கைதான். "டீச்சர், காசு பத்திப் பேசாதீங்க, மொதல்ல ஃபைல அனுப்புங்க" என்றான். காசு பேசித்தான் கொடுத்தேன். நான் போனில் யுனிகோடில் தட்டியிருந்தேன். அதைப் பக்கம் அமைக்கிற மென்பொருளான இன்டிசைனில் ஏற்றினதும் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று கிடந்தது. வேர்ல்டு ரெடி கம்போசர் என்று ஓர் அமைப்பு உள்ளே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்ததும் எழுத்து ஒழுங்காக உட்கார்ந்தது. இதைத் தெரியாமல், யுனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. அப்படி மாற்றினால் ஜப்பானியப் பெயர்களில் வருகிற ஷ, ஜ, ஹ எல்லாம் எங்கே போய் முட்டும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

டெம்மி அளவு, 176 பக்கம். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக, ஃபாரம் கணக்கில்தான் யோசிக்க வேண்டும். 176 என்றால் 11 ஃபாரம். ஏழாவது அத்தியாயம் ஏறக்குறைய 16 பக்கம் வரும். அதை எடுத்தால் சரியாக ஒரு ஃபாரம் மிச்சம் என்பதும் பதிப்பகத்தின் கணக்கில் இருந்திருக்கும். மஞ்சள் சாயல் உள்ள நேச்சுரல் ஷேடு தாள், மினுங்காத மேட் லேமினேஷன் அட்டை. வடாலாவில் ஓர் அச்சகத்தில் டிஜிட்டலில் 300 பிரதி போட்டேன். ஒரு பிரதிக்கு 90 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது, விலை 200 வைத்தேன். ஆயிரம் போட்டால் ஆஃப்செட்டில் பாதியாகும் என்றார்கள். ஆயிரம் புத்தகத்தை 10-க்கு 15 அடி வீட்டில் எங்கே அடுக்குவது?

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-க்குப் பணம் கேட்கிறவர்களை நம்பாதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் டெல்லியில் இருக்கிற தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. பதிப்பாளர் என்று தனிநபரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காப்புரிமையும் அப்படித்தான், எழுதின நிமிஷத்திலிருந்து எழுதினவருடையது, அவர் காலத்துக்குப் பின் இன்னும் 60 வருஷம். பதிவு செய்தால்தான் உண்டு என்பது இல்லை. கிண்டிலில் தமிழ் மின்னூல் நாமே ஏற்றலாம். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் 90 நாள் மின்னூலை வேறெங்கும் கொடுக்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். கடைகளில் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவு கேட்டார்கள். அதனால் பெரும்பாலும் கையில்தான் விற்றேன், பழைய மாணவர்கள், சயான், மாட்டுங்கா, செம்பூர் சொந்தபந்தம், வாட்ஸாப் குழுக்கள்.

சட்டப்படி செய்ய வேண்டிய ஒன்றைச் சொந்தமாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 1954-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் புத்தகம் வெளியிட்டால் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒன்று, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று, டெல்லி பொது நூலகத்துக்கு ஒன்று, மும்பை டவுன்ஹாலில் இருக்கும் மைய நூலகத்துக்கு ஒன்று, நம் செலவில் அனுப்ப வேண்டும். மற்ற மூன்றையும் தபாலில் அனுப்பிவிட்டு மும்பைப் பிரதியை நேரில் கொண்டுபோனேன். ஹார்னிமன் சர்க்கிள் எதிரே அந்தப் பெரிய வெள்ளைத் தூண்கள், அகலமான படிகள். அவற்றில் எத்தனையோ தடவை பிள்ளைகளை உல்லாசப் பயணம் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கையில் பையோடு ஏறினேன். உள்ளே இருந்த ஊழியர் தமிழ் தெரியாதவர். அட்டையைத் திருப்பி எண்ணைப் பார்த்து, பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, பதிவேட்டில் ஏற்றி, பெற்றுக்கொண்டதாக ரசீது கொடுத்தார். அந்த ரசீதையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

300-ம் தீர்ந்துவிட்டது. யார் யாரோ பேசினார்கள். பாதிப் பேர் ஜப்பானைப் பற்றிப் பேசவே இல்லை, அவரவர் வீட்டுக் கட்டிலைப் பற்றித்தான் பேசினார்கள். அன்டாப் ஹில்லிலிருந்து ஒரு அம்மா, ஏழாவது அத்தியாயத்தைப் பகல் தூக்கம் வராத மாமியாருக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். நம்பர் பிளேட் பக்கங்கள் மாமியாருக்கு ரொம்பப் பிடிக்குமாம், கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாராம். வயசானவர்கள் பலரும் எழுத்து பொடியாக இருக்கிறது என்றார்கள்.

இரண்டாம் அச்சுக்கு எழுத்தை 11 புள்ளியிலிருந்து 12 ஆக்கச் சொல்லியிருக்கிறேன். "டீச்சர், 186 பக்கம் வருது, ஒரு ஃபாரம் கூடும், 192 ஆக்கிரணும்" என்றான் பையன். கூடட்டும், விலை அதேதான் என்றேன். மிச்சமிருக்கிற ஆறு பக்கத்தில், போக நினைக்கிறவர்களுக்குத் தேவையான விவரங்களைப் போடுகிறேன். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜூனில் போகாதீர்கள், மழைக்காலம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை, இல்லாவிட்டால் அக்டோபர், நவம்பர். செருப்பு, ஷூ அரை அளவு பெரிசாக வாங்குங்கள், நடந்து நடந்து கால் வீங்கும். பருத்தி சாக்ஸ் வேண்டாம். அந்த 75 கிலோமீட்டரில் நோனே ஊரைத் தாண்டும் முன் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் வெகுதூரம் கடை கிடையாது. பெயர்ச்சீட்டில் பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.